ஆர்டெட்டா இருக்கட்டுமா, போகட்டுமா? (அதற்கு முதல், 2020 கிண்ணம் யாருடையது?)

ஹைபரி அண்ணை (குருநகர்)
2025 ஜூன் 7, காலை 6.40

இங்கிலாந்தில் எங்கள் கழகமான ஆர்சனலின் மனேஜர் ஆர்டெட்டாவைப் பற்றிக் கொக்குவில் தம்பி ஒருவர் நேற்று இங்கே எழுதியிருந்தார்: "வெங்கருக்குப் பிறகு ஆர்சனலுக்கு வாய்த்த தெய்வம் ஆர்டெட்டா. அவரைப் போகச் சொல்கிறவனுக்கு உதைபந்தாட்டம் தெரியாது." வாசித்துவிட்டுப் பேசாமல் போகத்தான் நினைத்தேன், முடியவில்லை.

அதே நாள் தொட்டன்ஹாம்காரன் என்ன செய்தான்? யூரோப்பா லீக் கிண்ணத்தை வென்று கொடுத்த மனேஜர் பொஸ்தெகொக்லுவை, வென்ற பதினாறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினான். பிரீமியர் லீக்கில் 17ஆம் இடம், அந்தக் காரணம் அவனுக்குக் காணும். கிண்ணத்தோடு வந்தவருக்கே அங்கே கதிரை இல்லை. நாங்கள் ஐந்தரை வருடமாக ஒருவரை வைத்துப் பூசை செய்கிறோம். மூன்று பருவம் தொடர்ந்து இரண்டாமிடம். 84, 89, 74 புள்ளிகள். ஏறுகிறதா இறங்குகிறதா என்று நீங்களே பாருங்கள். கிண்ணம் பூச்சியம்.

கொக்குவில் கன்னர்
6.58

அந்தத் தம்பி நான்தான் அண்ணை, பெயரைச் சொல்லியே ஏசலாம்.

பூச்சியம் இல்லை, ஒன்று. 2020 எஃப்.ஏ. கிண்ணம். ஆகஸ்ட் 1, வெம்பிளி, செல்சிக்கு எதிராக 2–1. வந்து எட்டு மாதம்கூட ஆகாத மனேஜர் எடுத்த கிண்ணம். வயது போனால் மறதி வரும் என்று தெரியும், இவ்வளவு வசதியாக வருமென்று தெரியாது.

ஹைபரி அண்ணை
7.21

அதுவா? அதை ஆர்டெட்டாவின் கணக்கில் எழுத உனக்கு யார் உரிமை தந்தது? அன்று இறங்கிய பதினொரு பேரையும் சொல்கிறேன், எழுதி வை.

மார்ட்டினெஸ், ஹோல்டிங், பெலரின், ஷாக்கா, மெய்ற்லண்ட்-நைல்ஸ், லக்கசெற், ஒபமெயாங். ஏழு பேரும் வெங்கர் காலத்தவர்கள். டேவிட் லூயிஸ், டியர்னி, செபாயோஸ், பெப்பே. இந்த நாலு பேரும் வெங்கருக்கு அடுத்த மனேஜர் எமெரி இருந்தபோது வந்தவர்கள். ஏழும் நாலும் பதினொன்று. ஆர்டெட்டா அந்த ஜனவரியில் எடுப்பித்தது பப்லோ மரியையும் செட்ரிக்கையும். இரண்டு பேரும் தொடக்க அணியில் இல்லை.

பதினொரு பேரில் ஒருவரைக்கூட அவர் கொண்டுவரவில்லை. சமைத்தது ஒருவர், பரிமாறினது இன்னொருவர். பரிமாறினவருக்குச் சமையல்காரர் பட்டம் கொடுக்கிறீர்கள்.

பாசையூர் 9
7.30

யார் சமைத்தாலும் எனக்கொன்றுமில்லை. முன்வரிசையில் கோல் அடிக்க ஒரு ஆள் வேணும். ஹவெர்ற்சுக்குக் காயம், ஜெசுஸுக்கு முழங்கால் போய்விட்டது, கடைசியில் நடுக்கள மெரினோவை முன்னுக்கு விட்டு விளையாடினோம். ஜனவரியில் ஒருவரும் வாங்கவில்லை. இதைப்பற்றிக் கதையுங்கள்.

கொக்குவில் கன்னர்
7.44

மச்சான், பொறு, அதற்குப் பிறகு வாறேன்.

அண்ணை, உங்கள் கணக்கு நல்ல கணக்கு. அப்படியென்றால் இந்த முறை லிவர்பூல் எடுத்த பிரீமியர் லீக் கிண்ணமும் அவர்களின் மனேஜர் ஸ்லொட்டினுடையது இல்லையா? அவருக்கென்று வந்து இந்தப் பருவம் விளையாடியது சியேசா ஒருவர்தான். மற்ற எல்லாம் முந்தின மனேஜர் குளொப் சேர்த்து வைத்த ஆட்கள். போய் லிவர்பூல்காரரிடம் சொல்லுங்கள், "உங்கள் கிண்ணம் செல்லாது, குருநகரில் இருந்து அறிவித்தல்" என்று.

ஹைபரி அண்ணை
8.02

லீக் என்பது 38 ஆட்டம். எஃப்.ஏ. கிண்ணம் தோற்றால் வெளியேறுகிற ஆறு ஆட்டம். அந்த ஆறில் லீட்ஸ் அப்போது இரண்டாம் பிரிவு, போர்ட்ஸ்மவுத் மூன்றாம் பிரிவு. 38 ஆட்டத்தையும் ஆறு ஆட்டத்தையும் ஒரே தராசில் வைக்கிறாய். நான் கேட்டதற்கு மறுமொழி இன்னும் வரவில்லை: பதினொரு பேரில் ஒருவர்? ஒரே ஒருவர்?

கொக்குவில் கன்னர்
8.09

அரையிறுதியில் குவார்டியோலாவின் மன்செஸ்டர் சிற்றிக்கு 2–0. அதுவும் மூன்றாம் பிரிவா?

செம்பேய் யாழ்
8.15

மன்செஸ்டர் யுனைற்றட்காரனின் காலை வணக்கம், ஆர்சனல் உறவுகளே. செல்சி பத்துப் பேரோடு விளையாடியதால் வந்த கிண்ணத்துக்கு இவ்வளவு சண்டையா? கோவாசிச்சுக்குக் காட்டிய சிவப்பு அட்டை பச்சைப் பிழை. காலை மிதித்தது யார், மிதிபட்டது யார் என்று திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

கொக்குவில் கன்னர்
8.19

வந்துவிட்டார் லீக்கில் 15ஆம் இடத்தார். ஒபமெயாங் இரண்டாவது கோல் அடித்தது 67ஆவது நிமிடம். பெப்பே கொடுத்த பந்தை வாங்கி, சூமாவை உள்ளுக்கு வெட்டி விட்டு, இடது காலால் கபயேரோவுக்கு மேலாகத் தூக்கிப் போட்டான். கபயேரோ கை இரண்டையும் விரித்தபடி விழுந்ததுதான் மிச்சம். சிவப்பு அட்டை 73ஆவது நிமிடம். கோல் அடிக்கும்போது செல்சியில் பதினொரு பேரும் நின்றார்கள். எண்ணத் தெரியாவிட்டால் யாரையாவது கூட்டிக்கொண்டு வா.

செம்பேய் யாழ்
8.24

புலிசிச்சும் அஸ்பிலிகுவெற்றாவும் காயத்தோடு வெளியே போனார்கள். அதைச் சொல்லமாட்டீர்கள். எங்கள் மனேஜர் ரென் ஹாக்கும் 2024இல் அதே கிண்ணத்தைத்தான் எடுத்தார், அதுவும் நிரம்பிய மைதானத்தில், சிற்றிக்கு எதிராக. ஒக்டோபரில் கலைத்துவிட்டோம். கிண்ணம் எடுத்தவரைக் கலைக்க நெஞ்சு வேணும்.

பாசையூர் 9
8.27

கலைத்துவிட்டு எங்கே போனீர்கள்? பில்பாவோவில் யூரோப்பா லீக் இறுதியில் தொட்டன்ஹாமிடம் தோற்கவா?

ஹைபரி அண்ணை
8.41

செம்பேய், நீ ஒதுங்கி நில், இது குடும்பச் சண்டை. ஆனால் "நிரம்பிய மைதானம்" என்று சொன்னாய் பார், அது நல்ல கதை. 2020 இறுதிப்போட்டியில் வெம்பிளியில் ஒரு சனம் இல்லை. தொண்ணூறாயிரம் கதிரையும் வெறுமை. கொரோனா. ஒபமெயாங் கிண்ணத்தைத் தூக்கப்போய் நிலத்தில் போட்டான், "ஐயோ" சொல்லவும் அங்கே ஆள் இல்லை. சனம் இல்லாத மைதானத்தில், பிறர் சேர்த்த பதினொரு பேரோடு. இதைத்தான் ஐந்து வருடமாகத் தலையில் வைத்து ஆடுகிறீர்கள்.

அரியாலை–இலண்டன்
மதியம் 1.10

இப்போதுதான் எழும்பினேன், உங்கள் சண்டையைப் பார்த்தேன். ஆர்சனலின் எமிரேட்ஸ் மைதானத்துக்குப் போய் வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆர்டெட்டா மாற்றியது அந்த மைதானத்தின் சத்தத்தை. எமெரியின் கடைசிக் காலத்தில் சனம் பாதி ஆட்டத்தில் எழும்பிப் போகும். ஏப்ரலில் றியல் மட்ரிட்டுக்கு றைஸ் இரண்டு ஃப்ரீகிக் அடித்த இரவு கதிரையில் இருந்தவன் ஒருவனுமில்லை. இதெல்லாம் போன் திரையில் பார்க்கிறவர்களுக்கு விளங்காது. அவர் 2027 வரை ஒப்பந்தம் போட்டாயிற்று, நீங்கள் அங்கே இருந்து கத்தி ஒன்றும் ஆகப்போவதில்லை.

கொக்குவில் கன்னர்
1.18

அண்ணா, நீங்கள் என் பக்கம் என்று தெரியும், ஆனாலும் அந்தப் "போன் திரை" கதையை விடுங்கள். உங்களுக்கு மாலை எட்டு மணி ஆட்டம், எங்களுக்கு நடுச்சாமம் பன்னிரண்டரை. பாரிஸ் அணியோடு சம்பியன்ஸ் லீக் அரையிறுதி அன்று எழும்பி, தேத்தண்ணி ஊற்றி, ஆறட்டும் என்று மேசையில் வைக்கிறேன், நாலாவது நிமிடம் டெம்பெலே அடித்துவிட்டான். அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. காலையில் ஏழரைக்கு வேலை. நீங்கள் சொல்லுங்கள், யாருக்கு விளங்காது?

ஹைபரி அண்ணை
1.26

அரியாலையாரே, 2020 இறுதிக்கு வெம்பிளிக்குள் உங்களை விட்டார்களா? இல்லை. அன்றைக்கு நீங்களும் திரை, நாங்களும் திரை. எங்களுக்கு இரவு பத்து மணி, பாராளுமன்றத் தேர்தலுக்கு நாலு நாள் இருந்தது, ஒழுங்கை முழுக்கச் சுவரொட்டி. அந்த இரவு பார்த்த ஆட்டத்தில், நான் திரும்பவும் சொல்கிறேன், ஆர்டெட்டா எடுத்த ஆள் ஒருவரும் தொடக்கத்தில் இல்லை.

அரியாலை–இலண்டன்
1.31

நீங்கள் 2017இல் "வெங்கர் வெளியேறு" என்று எழுதியவர். எனக்கு நல்ல ஞாபகம். அந்த வருடம் வெங்கர் எஃப்.ஏ. கிண்ணம் எடுத்தார். அப்போது "எஃப்.ஏ. கிண்ணம் எல்லாம் ஒரு கிண்ணமா" என்றீர்கள். இப்போது வெங்கர் சேர்த்த ஏழு பேருக்காகக் கண்ணீர் வடிக்கிறீர்கள்.

ஹைபரி அண்ணை
1.52

சந்தர்ப்பம் தெரியாமல் கதைக்கக் கூடாது. வெங்கர் மூன்று லீக், ஏழு எஃப்.ஏ. கிண்ணம் எடுத்த மனிதர். 2003–04இல் 26 வெற்றி, 12 சமநிலை, தோல்வி இல்லை. அவரைப் போகச் சொன்னது மரியாதையோடு. "வெளியேறு" என்று நான் எழுதவில்லை, "ஓய்வெடுக்கலாம்" என்றுதான் எழுதினேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. இவருக்கு எந்த மரியாதை? 2022–23இல் 248 நாள் முதலிடத்தில் இருந்துவிட்டு இரண்டாமிடத்துக்கு இறக்கினார். லிவர்பூலோடு 2–2, வெஸ்ற் ஹாமோடு 2–2, கடைசி இடத்தில் கிடந்த சவுதாம்ப்ரனோடு 3–3. அதற்கடுத்த வருடம் ஏப்ரலில் சொந்த மைதானத்தில் அஸ்ரன் வில்லாவிடம் 0–2. வில்லாவின் மனேஜர் யார்? நாங்கள் கலைத்த எமெரி. பெப்பேயும் டியர்னியும் யாருடைய காலத்தில் வந்தார்கள்? அதே எமெரி. 2020 கிண்ணத்தில் பாதி அவருக்குச் சேரவேணும்.

கொக்குவில் கன்னர்
1.57

அடுத்தது என்ன, அந்தக் கிண்ணத்தை இரண்டாக வெட்டி வில்லாவுக்குத் தபாலில் அனுப்பச் சொல்வீர்களா? 2019 யூரோப்பா லீக் இறுதியில், பாக்கூவில், செல்சியிடம் 1–4 தோற்ற எமெரிக்கா?

எஃப்.ஏ. கிண்ணத்தோடு 2020, 2023 கொமியூனிற்றி ஷீல்ட் (பருவத் தொடக்கத்தில் நடக்கிற ஒற்றை ஆட்டம்) இரண்டையும் சேர்த்தால் மூன்று.

ஹைபரி அண்ணை
2.03

ஷீல்டா! தகட்டையும் எண்ணத் தொடங்கிவிட்டார்கள். இனி நாணயச் சுழற்சியில் வென்றதையும் எழுதுங்கள்.

தெல்லிப்பழை 7
2.20

மன்னிக்கவும், இடையில் வருகிறேன். ஆர்சனல் இரண்டு கிழமைக்கு முன் ஐரோப்பியச் சம்பியன் ஆனது ஒருவருக்காவது தெரியுமா? மே 24, லிஸ்பன், பார்சலோனாவுக்கு எதிராக 1–0, பிளக்ஸ்ரேனியஸ் கோல். அந்த அணியில் பருவத் தொடக்கத்தில் இருந்த மனேஜர் எய்டவால் ஒக்டோபரில் விலகினார். பிறகு வந்த றெனே ஸ்லேகர்ஸ்தான் கிண்ணத்தைத் தூக்கினார். மனேஜரை மாற்றினால் என்ன நடக்கும் என்று நீங்கள் காலையிலிருந்து கேட்கிற கேள்விக்கு அதே கழகத்தில் மறுமொழி கிடக்கிறது.

செம்பேய் யாழ்
2.24

அது பெண்கள் அணி தங்கச்சி, இது வேறு கதை.

தெல்லிப்பழை 7
2.29

எது வேறு? பந்து வேறா? எங்கள் மகாஜனாக் கல்லூரிப் பெண் பிள்ளைகள் அகில இலங்கைக் கிண்ணத்தோடு ஊர்வலம் வந்தபோது றோட்டில் நின்று கைதட்டினவர்கள்தானே நீங்கள் எல்லோரும். கைதட்டும்போது "எங்கள் பிள்ளைகள்", கணக்குப் பார்க்கும்போது "வேறு கதை".

ஹைபரி அண்ணை
2.40

தங்கச்சி சொல்வது சரியான உதாரணம். மாற்றினார்கள், வென்றார்கள். என் பக்கம் ஒரு ஆள் கூடிவிட்டது.

தெல்லிப்பழை 7
2.42

நான் உங்கள் பக்கம் இல்லை அண்ணை. ஸ்லேகர்ஸும் அந்த இறுதிக்குத் தான் சேர்த்த அணியோடு போகவில்லை. உங்கள் கணக்குப்படி பார்த்தால் அந்தக் கிண்ணமும் செல்லாதே?

கொக்குவில் கன்னர்
2.43

😂😂😂 அண்ணை, மறுமொழி?

ஹைபரி அண்ணை
3.15

சாப்பிடப் போயிருந்தேன். பெண்கள் அணி வேறு நிர்வாகம், அதை இதோடு ஒப்பிடக் கூடாது.

தெல்லிப்பழை 7
3.16

முப்பத்தைந்து நிமிடத்துக்கு முன் "சரியான உதாரணம்".

பாசையூர் 9
3.30

கோல் அடிக்கிற ஒன்பதாம் இலக்கத்தைப் பற்றி ஒருவரும் கதைக்கமாட்டீர்கள் போல. வீரர்களை வாங்குகிற பணிப்பாளர் எடு போய்விட்டார், அந்த இடத்துக்குப் புதிதாக பெர்ற்றா வந்திருக்கிறார். அவர் ஒரு கோல் அடிக்கிற ஆளை வாங்கிக் கொடுக்காமல் மனேஜரைக் குறை சொல்லி வேலையில்லை. லீக்கில் 14 ஆட்டம் சமநிலை. அதில் பாதியில் ஒரு கோல் கூட அடித்திருந்தால் இந்தக் கதையே வராது.

செம்பேய் யாழ்
3.34

கோல் அடிப்பதைப் பற்றி நீ கதைக்கிறாயா? யாழ்ப்பாணத் துரையப்பா அரங்கில் நம்மூர் அரையிறுதியில் நீ உதைத்த தண்ட உதை கோட்டைப் பக்கம் போனது, இன்னும் பந்து கிடைக்கவில்லையாம்.

பாசையூர் 9
3.36

அது மழைக்குப் பிறகு. நிற்கிற கால் வழுக்கினது. மத்தியஸ்தரிடம் திருப்பி உதைக்கக் கேட்டேன், தரவில்லை. அங்கே நின்றவர்களைக் கேள்.

செம்பேய் யாழ்
3.37

நான்தான் அங்கே நின்றேன். மழை பெய்தது அடுத்த நாள்.

பாசையூர் 9
3.39

அன்றைக்கு உன் அணியின் பின்வரிசைக்காரன் இரண்டு பேர் வேறு ஊர்ப் பதிவு. அதை நாங்கள் முறைப்பாடு செய்யாமல் விட்டது எங்கள் பெருந்தன்மை.

கொக்குவில் கன்னர்
3.50

நீங்கள் இரண்டு பேரும் தனியாகத் திரி தொடங்குங்கள்.

அண்ணை, கடைசியாகக் கேட்கிறேன். அவரை அனுப்பினால் யாரைக் கொண்டுவருவது? ஒரு பெயர்.

ஹைபரி அண்ணை
4.05

பெயர் சொல்வது என் வேலையில்லை, கழகம் சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருக்கிறது. என் கேள்வி காலையிலிருந்து ஒன்றுதான். பதினொரு பேரில்...

கொக்குவில் கன்னர்
4.06

ஐயோ!

அரியாலை–இலண்டன்
4.12

பெயர் இல்லை, திட்டம் இல்லை, பதினொரு பேர் மட்டும் இருக்கிறது.

ஹைபரி அண்ணை
4.20

அரியாலையாருக்கு வாய் நீளம். போன ஓகஸ்டில் "இந்த முறை லீக் நிச்சயம், இல்லாவிட்டால் ஊருக்கு வரும்போது எல்லோருக்கும் கொத்துரொட்டி" என்று எழுதினது யார்?

அரியாலை–இலண்டன்
4.26

லீக் அல்லது சம்பியன்ஸ் லீக் அரையிறுதி என்று எழுதினேன். அரையிறுதிக்குப் போனோம்.

செம்பேய் யாழ்
4.27

இல்லை, "அரையிறுதி" என்ற சொல்லே அதில் இல்லை. நானும் வாசித்தேன்.

பாசையூர் 9
4.28

எனக்கு மாட்டிறைச்சிக் கொத்து. முட்டை இரண்டு.

தெல்லிப்பழை 7
4.30

எனக்கு மரக்கறி. அண்ணை, ஆடி மாதம் வருகிறீர்களா, நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறீர்களா? திகதியைச் சொல்லுங்கள்.

அரியாலை–இலண்டன்
4.41

திருவிழாவுக்கு வருகிறேன். ஆனால் காசு கொடுக்கமாட்டேன், அரையிறுதி அரையிறுதிதான்.