மசாடாவின் பாம்புப் பாதையில் தனியாக ஏறலாமா?

நடையன்:
இஸ்ரேலின் யூதேயப் பாலைவனத்தில், சாக்கடலை ஒட்டி நிற்கும் மசாடாக் கோட்டைக்குத் தனியாகச் செல்ல வேண்டாம் என்று இங்கே சிலர் அறிவுறுத்துவது மிகை என்பது என் கருத்து. கிழக்குப் பக்கமாக வளைந்து வளைந்து ஏறும் பாம்புப் பாதை சுமார் 2 கிலோமீட்டர். ஏற்றம் ஏறத்தாழ 350 மீட்டர். வழி தவறவும் வாய்ப்பில்லை. விடியலில் ஏறுபவர்கள் முன்னும் பின்னும் இருந்துகொண்டே இருப்பார்கள். கூட்டத்தோடு போனால், கீழே சமவெளியில் கல்வரிகளாகக் கிடக்கும், அன்று கோட்டையை முற்றுகையிட்ட ரோமானியப் படையின் பாசறைகளைத் திரும்பிப் பார்க்கக்கூட நேரம் கிடைக்காது. உச்சியிலும் அப்படித்தான்: சுவர்களில் ஒரு கருங்கோடு ஓடும், அதற்குக் கீழே இருப்பது பழைய கட்டுமானம், மேலே இருப்பது பிற்காலத்தில் எடுத்துக் கட்டியது. அந்தக் கருங்கோட்டின் வழியே நான் ஒரு மணி நேரம் நடந்தேன்.

வெயிலடியான்:
நண்பரே, ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ஆபத்து இறக்கத்தில் இருக்கிறது. பாதை கிழக்கு முகமாக இருப்பதால் சூரியன் எழுந்த நொடியிலிருந்து வெயில் நேராக விழுகிறது, ஒதுங்க ஒரு மரமும் இல்லை. வறண்ட காற்றில் வியர்வை அரும்பியதுமே உலர்ந்துவிடுவதால், உடல் எவ்வளவு நீரை இழக்கிறது என்பது நமக்கே தெரிவதில்லை. நான் ஒரு மே மாதத்தில், மேலே பத்து மணிவரை சுற்றிவிட்டு, பாட்டிலில் கால் பங்கு நீரோடு இறங்கினேன். பாதி வழியில் கை நடுங்கி, படியின் விளிம்பு இரண்டாகத் தெரிந்தது. முன்பின் அறியாத ஒரு குடும்பத்தார் உட்கார வைத்து, உப்பு பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்திராவிட்டால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன்.

நடையன்:
வருந்துகிறேன். ஆனால் அது தண்ணீரிலும் நேரத்திலும் நேர்ந்த பிழை, துணையில்லாததால் வந்ததன்று. உச்சியிலேயே குடிநீர்க் குழாய் இருக்கிறது, பாட்டிலை நிரப்பிக்கொண்டிருக்கலாம். அந்த மொட்டைப் பாறையில் அரண்மனை கட்டிய யூதேயாவின் ஏரோது மன்னனே, ஓடை வெள்ளத்தைத் திருப்பி 12 பெருந்தொட்டிகளில் சுமார் 40,000 கன மீட்டர் நீரைச் சேர்க்க வழிசெய்திருந்தான்.

வெயிலடியான்:
பிழை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அருகில் ஒருவர் இருந்திருந்தால் "நேரமாகிறது, நிரப்பிக்கொள்" என்று சொல்லியிருப்பார். கடும் வெப்ப நாள்களில் நிர்வாகமே காலையிலேயே பாதையை மூடிவிடுவதும் காரணமில்லாமல் அன்று.

கல்தேடி:
இருவரும் கிழக்கு வழி ஒன்றே உண்டு என்பதுபோல வாதிடுகிறீர்கள். முற்றுகையின்போது ரோமானியர் எழுப்பிய மேற்குச் சரிவு வழியாக இருபது நிமிடத்தில் ஏறிவிடலாம். என்ன, அராத் நகரைச் சுற்றித்தான் அங்கே போக வேண்டும். கார் இல்லாதவருக்கு அது எட்டாத வழி.

வெயிலடியான்:
அப்படியானால் ஏறுவது தனியாக, இறங்குவது ரோப்காரில் என்று வைத்துக்கொண்டால் என் எதிர்ப்பில் பாதி குறைகிறது.

நடையன்:
ரோப்கார் காலை எட்டு மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். விடியலில் ஏறியவர் அதுவரை வடக்கு அரண்மனையின் கீழ்த்தளத்தில் இருக்கலாம். அங்கே நிழல் உண்டு.

வெயிலடியான்:
அங்கே இறங்கும் படிகளை மீண்டும் ஏற வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.