கார்க் கதவின் ‘லாக்’: பூட்டு வேறு, தாழ் வேறு

அன்பு நண்பர்களே,

பழைய கார்களைப் பழுதுபார்ப்பதற்காக நம் குழு தமிழில் எழுதும் கையேட்டில் கதவுப் பகுதி என் பங்குக்கு வந்திருக்கிறது. வரைவில் ‘டோர் லாக்’ வருகிற இடமெல்லாம் ‘கதவுப் பூட்டு’ என்று போட்டிருக்கிறோம். பழுதுபார்க்கும் முறையை வரிவரியாக எழுதும்போது அந்த ஒரே சொல் சாவி போடும் இடத்தையும், கதவைப் பிடித்து வைக்கும் பொறியையும், ஜன்னலோரக் குமிழையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது. இது படிப்பவரைத் தவறான இடத்தில் கை வைக்கச் செய்யும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கதவின் பின்விளிம்பில் திருகாணிகளால் பிடித்திருக்கும் சிறு இரும்புப் பெட்டிதான் கதவை மூடிய நிலையில் நிறுத்துகிறது. அதன் வாயில் கவை போலப் பிளந்த ஒரு துண்டு இருக்கும். கதவை அடிக்கும்போது, கதவு வந்து பொருந்தும் தூணில் பொருத்திய வளையக் கம்பி அந்தப் பிளவுக்குள் புகுந்து துண்டைச் சுழற்றும். அது திரும்பி வராதபடி ஒரு சிறு நாக்கு, சுருள்வில்லின் விசையால் அதன் பல்லில் விழுந்து தடுக்கும். கைப்பிடியை இழுத்தால் ஒரு கம்பி அந்த நாக்கைத் தூக்கிவிடும். அவ்வளவுதான்.

சாவி போடும் உருளை கதவைப் பிடித்து வைப்பதே இல்லை. கைப்பிடியின் இழுப்பு நாக்கைப் போய்ச் சேராமல் துண்டிப்பது மட்டும்தான் அதன் வேலை. ஆக, பூட்டு தடுப்பது கைப்பிடியை. கதவைப் பிடிப்பது வேறொன்று. அந்த வேறொன்றுக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: தாழ்.

பட்டறைகளில் ‘லாக் போச்சு’ என்றதும் சாவி உருளையை மாற்றிவிடுவது நடக்கிறது. எங்கள் வீட்டுப் பழைய காருக்கும் அப்படித்தான் ஆனது. புது உருளை வந்தது, புதுச் சாவி வந்தது, கதவு மட்டும் பழையபடி ஓங்கி அடித்தால்தான் மூடியது. கழற்றிப் பார்த்தால் தாழுக்குள் கிரீஸ் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, வெள்ளை லித்தியம் கிரீஸ் தடவியதும் சரியாயிற்று. இதையே கையேட்டில் ‘பூட்டுக்குக் கிரீஸ் தடவவும்’ என்று எழுதினால் படிப்பவர் சாவித் துளைக்குள் கிரீஸைத் திணிப்பார். அங்கே தூசி சேர்ந்து உள்தகடுகள் இறுகிவிடும். அதற்குப் போட வேண்டியது கிராஃபைட் பொடி.

என் பரிந்துரைகள்:

அந்தப் பெட்டி முழுவதும் தாழ். இந்த வகையைத் தனியாகச் சொல்ல வேண்டுமானால் கவ்வுதாழ். வினைத்தொகை என்பதால் நடுவில் ஒற்று மிகாது. இதற்கு முன்பு நம் குழுவில் வந்த ‘சுழல்தாழ்’ என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. சுழல்வது வழிமுறை, கவ்வுவதுதான் வேலை. பிளந்த துண்டு கவ்வி. அதைத் தடுப்பது தடைநாக்கு. தூணில் இருக்கும் வளையக் கம்பிக்கு ‘மோதுகம்பி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘ஸ்ட்ரைக்கர்’ என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தது அது. நம் வீட்டு நிலையில் தாழ் போய் மாட்டும் பகுதிக்கு நாதாங்கி என்று சொல்கிறோமே, இதுவும் அதே வேலையைத்தானே செய்கிறது? சாவி உருளைக்குச் சாவிக்குழல்.

இன்னொரு இரட்டையும் வேண்டும். கவ்வியில் தடைநாக்கு விழுவதற்கு இரண்டு நிலைகள் உண்டு. முதல் நிலையில் கதவு பாதிதான் மூடியிருக்கும். அமெரிக்காவின் வாகனப் பாதுகாப்பு விதியான எஃப்எம்விஎஸ்எஸ் 206, முழு நிலையில் தாழ் நெடுக்குவாக்கில் 11,000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும் என்கிறது. பாதி நிலைக்குக் கேட்பது சுமார் 4,500 மட்டுமே. உயிர் சம்பந்தப்பட்ட வேறுபாடு இது. அரைத்தாழ், முழுத்தாழ் என்று வைப்போம்.

எழுதிப் பார்த்தேன்:

“கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்க்ரூடிரைவரால் கவ்வியைத் தள்ளுங்கள். ஒரு ‘டக்’ கேட்டால் அரைத்தாழ், இன்னொரு ‘டக்’ கேட்டால் முழுத்தாழ். இப்போது வெளிக் கைப்பிடியை இழுங்கள். கவ்வி விடுபட்டால் தாழ் நன்றாக இருக்கிறது. விடுபடாவிட்டால் கம்பியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கலாம், அல்லது தடைநாக்கு இறுகியிருக்கலாம். கவ்வியை விடுவிக்காமல் கதவை அடிக்காதீர்கள், நாதாங்கியில் மோதும். தாழில் குறையில்லை, ஆனாலும் கதவு சரியாக மூடவில்லை என்றால், திறந்த கதவின் நுனியைத் தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது. ஆடாவிட்டால் நாதாங்கியைத் தளர்த்தி நகர்த்தலாம். தளர்த்தும் முன் அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.”

‘கிளிப்’பை அப்படியே விட்டிருக்கிறேன். அதை மாற்றுவதால் யாருக்கும் எதுவும் தெளிவாகப் போவதில்லை.

-----

> சாவி உருளைக்குச் சாவிக்குழல்.

வணக்கம். தாழ், கவ்வி, நாதாங்கி மூன்றுக்கும் என் முழு ஆதரவு. இங்கே யாழ்ப்பாணத்தில் நாங்கள் சாவியைத் திறப்பு என்றுதான் சொல்வோம். கையேடு எங்களுக்கும் சேர்த்துத்தானே? ‘பூட்டுக்குழல்’ என்றால் இரண்டு பக்கத்தாருக்கும் ஒரே மாதிரி விளங்கும்.

இன்னொன்று. மொரிஸ் மைனர் போன்ற பழைய கார்கள் இலங்கையில் இன்னும் ஓடுகின்றன. அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் கவ்வி கிடையாது. வீட்டுக் கதவில் இருப்பதைப் போலச் சரிவான நாக்கு ஒன்று எதிர்த் தகட்டுக்குள் போய் விழும். அதற்கும் ஒரு பெயர் வேண்டும்.

-----

வணக்கம். பூட்டுக்குழல் என் சொல்லைவிட நன்றாக இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்கிறேன். பூட்டின் பகுதி என்பதும் பெயரிலேயே வந்துவிடுகிறது.

பழைய வகைக்கு நாக்குத்தாழ் பொருந்தும். தாழ் பொதுப்பெயர், கவ்வுதாழும் நாக்குத்தாழும் அதன் வகைகள். அந்த எதிர்த் தகட்டையும் நாதாங்கி என்றே சொல்லலாம். தடைநாக்கோடு குழம்பாமலிருக்க, கையேட்டில் எங்குமே ‘நாக்கு’ என்று தனியாக எழுதாமல் முழுச் சொல்லையே எழுதுவோம்.

தனிமடலில் ஒரு நண்பர், சென்னைப் புதுப்பேட்டையின் உதிரிபாகக் கடையில் போய்த் தாழ் கேட்டால் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஒவ்வொரு சொல்லும் முதலில் வரும் இடத்தில் ‘கடையில் லாக் அசெம்பிளி என்று கேட்கவும்’ என்பதுபோல் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். கடைக்காரர் சொல்லும் பெயர் தெரியாமல் பொருள் வாங்க முடியாது. உள்ளமைப்பு புரியாமல் அதை மாட்ட முடியாது. கையேட்டில் இரண்டும் இருக்கட்டும்.

பின்கதவில் குழந்தைகள் உள்ளேயிருந்து திறந்துவிடாமல் தடுக்கும் நெம்பு ஒன்று இருக்கிறதல்லவா? அது உள்கைப்பிடியின் இழுப்பை மட்டும் துண்டிக்கிறது, கதவைப் பிடிப்பதில்லை. எனவே நம் கணக்கில் அது பூட்டுதான். ‘குழந்தைப் பூட்டு’ என்று வரைவில் இருப்பதை மாற்ற வேண்டியதில்லை. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அப்புறம் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.