ஃபிளாட் ஸ்லாப்: மெஷ்ஷைச் சின்னதாக்க ஆக்கத் தூண் மேல் மொமென்ட் ஏறுகிறது, எந்த எண்ணுக்குக் கம்பி போடுவது?

புதுசைட்:
வணக்கம். உத்தரம் இல்லாமல் நேராகத் தூண் மேல் உட்காரும் ஃபிளாட் ஸ்லாப் ஒன்று. 6 மீட்டருக்கு 6 மீட்டர் தூண் இடைவெளி, 225 மி.மீ ஸ்லாப், 450 சதுரத் தூண், எம்30 கான்கிரீட், எஃப்இ500 கம்பி. 1.5 பெருக்கிய பிறகு மொத்தப் பளு சதுர மீட்டருக்கு 15.2 கிலோநியூட்டன். சாஃப்ட்வேரில் உள்தூண் நோடில் (தூண் இருக்கும் புள்ளியில்) மேல்பக்க மொமென்ட் (வளைக்கும் திருப்பம்), ஸ்லாப்பை 500 மி.மீ கட்டங்களாகப் பிரித்த மெஷ்ஷில் மீட்டருக்கு 118 கி.நி.மீ. துல்லியமாகப் பார்ப்போமே என்று 250 ஆக்கினேன், 155. 125 ஆக்கினால் 190, சாஃப்ட்வேர் தடிமன் போதாது என்று சிவப்பு காட்டுகிறது. தூணைப் புள்ளித் தாங்கியாகத்தான் வைத்திருக்கிறேன். ஆபீஸில் ஒருவர் 16 மி.மீ கம்பியை 75-க்கு ஒன்று போட்டுவிடு என்கிறார். எதை நம்புவது?

கம்பிக்கணக்கு:
மூன்று எண்ணையும் நம்பாதீர்கள். ஒவ்வொரு தடவை மெஷ் பாதியாகும்போதும் ஏறத்தாழ 36 கூடியிருக்கிறது, கவனித்தீர்களா? தூணில் இறங்கும் பளு 15.2 × 36 = 547. அதை 4π-யால் வகுத்து, பாய்ஸான் விகிதம் 0.2 என்பதால் 1.2-ஆலும், 2-இன் மடக்கை 0.693-ஆலும் பெருக்கிப் பாருங்கள், அதே 36 வரும். தகட்டைப் புள்ளியில் தாங்கினால் அங்கே மொமென்ட்டுக்கு முடிவே கிடையாது, இன்னும் பாதியாக்கினால் இன்னொரு 36.

தூண் முகத்தில் ஒரு வெட்டுப் போட்டு, காலம் ஸ்ட்ரிப் (தூண் வரிசை மேல் ஓடும் பட்டை) அகலமான 3 மீட்டருக்கும் மொமென்ட்டைக் கூட்டுங்கள். கூடவே ஐஎஸ் 456 (இந்தியக் கான்கிரீட் விதிநூல்) நேரடி முறையில் கையால் ஒரு சரிபார்ப்பு: 15.2 × 6 × 5.55² / 8 = 351 (5.55 என்பது தூண் முகத்துக்கு முகம் உள்ள தூரம்). அதில் 65% மேல்பக்கம், 228. அதில் 75% காலம் ஸ்ட்ரிப்புக்கு, 171. மீட்டருக்கு 57 தான். 12 மி.மீ 150-க்கு ஒன்று போட்டால் போதும். 16-ஐ 75-க்குப் போட்டால் தூண் கம்பிக்கு நடுவே வைப்ரேட்டர் ஊசி இறங்க இடமிருக்காது, அதையும் அந்தச் சாரிடம் கேளுங்கள்.

புதுசைட்:
வெட்டிப் பார்த்தேன் சார், 3 மீட்டருக்கு 176 வந்தது. அப்பாடா. ஆனால் 3 மீட்டருக்கும் சமமாகப் பரப்பினால் தூண் பக்கத்தில் விரிசல் வராதா? நிஜமாகவே அங்கேதானே அதிகம்?

மேஸ்திரிமகன்:
வரும். அதனால்தான் பிரிட்டிஷ் விதிநூல் பிஎஸ் 8110-இல் காலம் ஸ்ட்ரிப்பின் மேல் கம்பியில் மூன்றில் இரண்டு பங்கை நடுப்பாதி அகலத்தில் வைக்கச் சொன்னார்கள். உங்கள் கணக்கில் நடு 1.5 மீட்டருக்கு 117, அதாவது மீட்டருக்கு 78, அதற்கு 12 மி.மீ 100-க்கு ஒன்று. வெளியே இரண்டு பக்கமும் 39 தான், 200-க்கு ஒன்று. மொத்தக் கம்பி கிட்டத்தட்ட அதேதான், இடம்தான் மாறுகிறது.

தடிமன் போதுமா என்ற கேள்விக்கு மொமென்ட் சிகரத்தைப் பார்க்காதீர்கள், பஞ்சிங் (தூண் ஸ்லாப்பைக் குத்தித் துளைப்பது) பாருங்கள். பயனுறு ஆழம் டி 190 என்றால், தூண் முகத்திலிருந்து டி/2 தள்ளிச் சுற்றளவு 4 × 640 = 2560, அழுத்தம் 547000 / (2560 × 190) = 1.12. எம்30-க்கு அனுமதி 0.25√30 = 1.37. உள்தூணில் தப்பித்துவிட்டீர்கள். ஓரத் தூணில் மொமென்ட் மாற்றமும் சேரும், அங்கே இவ்வளவு இடைவெளி இருக்காது.

வுட்ஆர்மர்_ரசிகர்:
ஒன்று விட்டுப்போச்சு. Mx, My (இரண்டு திசை மொமென்ட்கள்) மட்டும் பார்த்துக் கம்பி போடுகிறீர்களா, Mxy-யையும் (முறுக்கு மொமென்ட்) சேர்க்கிறீர்களா? தூணுக்கு நேர் மேலே Mxy சிறியது, அதனால் இங்கே பிரச்சினை தெரியாது. மூலைப் பேனலுக்குப் போனால் தெரியும். Mx 3, My 4, Mxy 14 என்று ஒரு எலிமென்ட் (மெஷ்ஷின் ஒரு கட்டம்) இருந்தால், Mx வரைபடத்தைப் பார்ப்பவர் "ஒன்றுமில்லை" என்று தாண்டிவிடுவார். வுட், ஆர்மர் இருவரும் 1968-இல் சொன்ன வழியில் கீழ்க் கம்பிக்கு 3 + 14 = 17, மேல் கம்பிக்கு 3 − 14 = −11. மேலேயும் கீழேயும் இரண்டு திசையிலும் கம்பி வேண்டும். ஐஎஸ் 456 இணைப்பு டி-யில் மூலைக்கு நான்கு அடுக்குக் கம்பி கேட்பதும் இந்த முறுக்கத்துக்காகத்தான்.

முதலில் எலிமென்ட்களின் லோக்கல் அச்சு (ஒவ்வொன்றின் சொந்த x, y திசை) எல்லாம் ஒரே பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். தானாக மெஷ் போட்ட மாடலில் சாய்ந்த ஓரம் ஒன்று இருந்தால் போதும், அங்கே Mx எந்தப் பக்கம் என்று தெரியாமல் சராசரி எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.