ரொமானோ முசோலினியை (இத்தாலிய சர்வாதிகாரி பெனிட்டோ முசோலினியோட மகன், ஜாஸ் பியானோக்காரர்) எங்கே மாட்டிக்கிட்டு கேட்க ஆரம்பிச்சீங்க? எழுதுங்க

எல்பி_பெட்டி
அறிமுகமெல்லாம் வேண்டாம், இங்கே இருக்கிறவங்களுக்குத் தெரியும். அமெரிக்க ஜாஸ்காரர் செட் பேக்கர் (Chet Baker) கதைதான். ட்ரம்பெட்டோட வந்தவர்கிட்ட பியானோக்காரர் யாருன்னு சொல்றாங்க. அவர் கைகொடுத்து, "உங்க அப்பா விஷயம், பாவம்" என்கிற மாதிரி ஏதோ சொல்றார். 1945 ஏப்ரல் 28ல் சுட்டு, மறுநாள் மிலானின் லொரேட்டோ சதுக்கத்தில் தலைகீழாகத் தொங்கவிட்ட ஆளுக்கு இப்படி ஒரு துக்க விசாரிப்பு! எல்லாரும் சிரிச்சுட்டு நகர்ந்துடறாங்க. அடுத்த நொடி ரொமானோ முகம் எப்படி இருந்திருக்கும்? அதை யாருமே சொல்றதில்லை. அதுதான் உறுத்துது.

நாலரைக்கட்டை
அந்தக் கதை சொல்லுகிற ஆளுக்கு ஆள் மாறும், ஊரும் வருஷமும் உட்பட. அதை வைத்து முகம் தேட வேண்டாம். எனக்கு உறுத்துவது "ரொமானோ ஃபுல்". பிறந்தது 1927 செப்டம்பர் 26, அப்பா சாகும்போது வயது 17. அம்மா ராக்கேலே, தங்கை அன்னா மரியா, இவர் மூவரையும் இஸ்கியா தீவில் கொண்டுபோய் வைத்தார்கள். போருக்குப் பிறகு மேடை ஏறியபோது குடும்பப் பெயரை வெட்டிவிட்டு "ஃபுல்" என்று போட்டுக்கொண்டார். ஐம்பதுகளின் நடுவில் சொந்தமாக ட்ரியோ (மூவர் குழு), அறுபதுகளில் "ரொமானோ முசோலினி ஆல் ஸ்டார்ஸ்". ஒளித்த பெயரே பத்துப் பதினைந்து வருஷத்தில் இசைத்தட்டு அட்டையில் ஏறுகிறது. அந்த மாற்றத்தைப் பற்றி யாராவது எழுதுங்கள்.

ஓரத்து_நாற்காலி
"அப்பா ஜாஸைத் தடை செய்தார், மகன் ஜாஸ் வாசித்தார்" என்று பல இடத்தில் எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. விஷயம் அவ்வளவு நேர்க்கோடு இல்லை.

1935 ஜனவரியில் அமெரிக்க ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் இத்தாலியின் டுரினில் வந்து வாசித்தார். ஆட்சியில் இருந்தது இதே அப்பாதான். 1938ல் இனச் சட்டங்கள் வந்ததும் யூதக் கலைஞர்களை ஒதுக்கினார்கள். 1941 டிசம்பரில் அமெரிக்காவோடு போர் அறிவித்த பிறகு அமெரிக்க இசைக்கு வானொலியில் கதவடைப்பு. ஆனால் இத்தாலியப் பெயரோடு வந்த ஸ்விங் (ஆட வைக்கும் ஜாஸ் வகை) ஓடிக்கொண்டுதான் இருந்தது; கோர்னி கிராமரின் அக்கார்டியனை யாரும் நிறுத்தவில்லை. வீட்டுக்குள் பெரிய அண்ணன் விட்டோரியோ ஜாஸ் பைத்தியம். 1937ல் சினிமா வியாபாரம் பேச ஹாலிவுட் வரை போய் வந்தவர். சின்னவன் காதில் ஜாஸ் விழுந்தது அந்த அண்ணனின் தட்டுகளிலிருந்து. சட்டம் ஊருக்குத்தான், வீட்டுக்கு இல்லை. மகனின் கலகம் என்று இதைச் சொல்வது எப்படி?

கட்டைவிரல்
நான் மாட்டியது 1963ல் வந்த ரொமானோவின் தட்டு "ஜாஸ் அல்லோ ஸ்டூடியோ 7". ஜாஸ் பியானோ மேதை ஆஸ்கர் பீட்டர்சன் சாயல் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள், சரிதான், ஆனால் கொஞ்சம் சோகம் கலந்த பீட்டர்சன். இதை வெறும் காதால் பிடிக்க முடியாது, கட்டையில் கை வைத்துப் பாருங்கள்.

பிளாக் கார்டில் (block chord: நாலு ஸ்வரத்தை ஒரே பிடியாகச் சேர்த்து அழுத்துவது) ஆரம்பியுங்கள். ச க3 ப த2, இது ஒரு பிடி. ரி2 ம1 த1 நி3, இது இன்னொரு பிடி. ச, ரி, க, ம, ப, த1, த2, நி என்று எட்டு ஸ்வரமாக ஏறும்போது முதல் பிடியும் இரண்டாம் பிடியும் மாறி மாறி வரும். மெட்டு ஸ்வரம் வலது சுண்டுவிரலில், மற்ற மூன்றும் அதற்குக் கீழே நெருக்கமாக. இடது கை அதே மெட்டு ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி கீழே மட்டும் வாசிக்கணும், வேறு எதுவும் வேண்டாம். மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிஷத்துக்கு 60. எட்டுப் பிடியும் தடுக்காமல் ஏறி இறங்கினால்தான் 65.

எங்கே கெடும்? சுண்டுவிரல் பலவீனம், அதனால் மெட்டு உள்ளே அமுங்கிப் போகும். நடுவிரல்களின் அழுத்தத்தைக் குறையுங்கள், சுண்டுவிரலைக் கூட்டாதீர்கள். கூட்டினால் மணிக்கட்டு இறுகும். அடுத்தது பெடல். பிடிகளை ஒட்ட வைக்கப் பெடலை மிதித்தால் இரண்டு பிடியும் குழைந்து கஞ்சியாகிவிடும். காலை எடுத்துவிட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல் இரண்டை மட்டும் மாற்றி மாற்றி மேல் வரியை ஒட்டுங்கள். கீழ் மூன்று ஸ்வரங்கள் விட்டு விட்டு வந்தாலும் காது மன்னித்துவிடும்.

அப்புறம் பன்னிரண்டு பார் ப்ளூஸ். எஃப்7 பிடியில் நாலு பார், பி-ஃப்ளாட்7ல் இரண்டு, எஃப்7ல் இரண்டு, சி7 ஒன்று, பி-ஃப்ளாட்7 ஒன்று, எஃப்7ல் இரண்டு. மெட்ரோனோம் தட்டு இரண்டாவது, நாலாவது அடியில் விழுகிற மாதிரி எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றிலும் மூன்றிலும் விழுந்தால் அணிவகுப்பு மாதிரி ஆகிவிடும். இந்தக் குடும்பத்துக்கு அது வேறு தேவையா!

எல்பி_பெட்டி
@கட்டைவிரல் பாடம் யார் கேட்டா? ஆனா கடைசி வரிக்கு மன்னிச்சுட்டேன்.

கருப்பு_மை
இங்கே எல்லோரும் ஒன்றைத் தாண்டிப் போகிறீர்கள். 2004ல் ரொமானோ "இல் தூச்சே, மியோ பாத்ரே" (தலைவர், என் அப்பா) என்று அப்பாவைப் பற்றிப் புத்தகம் போட்டார். பாசமான மகன் வரைந்த அப்பா அதில் இருக்கிறார். எத்தியோப்பியாவில் விஷ வாயு போட்ட ஆட்சியின் தலைவரைத் தேடினால் அந்தப் பாசம்தான் குறுக்கே நிற்கும். 1962ல் நடிகை சோபியா லோரனின் தங்கை மரியாவைக் கல்யாணம் செய்தார். அவர்கள் மகள் அலெஸ்ஸாண்ட்ரா 1992ல் நவ-பாசிசக் கட்சியான எம்எஸ்ஐ சார்பில் பாராளுமன்றம் போனார். "அவர் வெறும் இசைக்காரர், அரசியலை இழுக்காதீர்கள்" என்பவர்களுக்கு ஒரே கேள்வி: பெயரை விட்டுவிட ஒரு வழி இருந்தது, ஏற்கெனவே பழகிய வழி. ஏன் திரும்பினார்?

நாலரைக்கட்டை
@கருப்பு_மை டிக்கெட் விற்றிருக்கும் என்பது ஒரு பதில். டிஸ்ஸி கில்லெஸ்பி, லயனல் ஹாம்ப்டன் போன்ற அமெரிக்க ஜாஸ் பெரியவர்களோடு வாசித்த ஆளுக்கு டிக்கெட் விற்க அந்தப் பெயர் வேண்டியதில்லை என்பது இன்னொரு பதில். இரண்டும் பொருந்துகிறது, அதுதான் பிரச்சினை. ஒன்று மட்டும் சொல்வேன்: அப்பாவைப் பற்றிய எழுத்தில் இருக்கிற குழைவு பியானோவில் இல்லை. ப்ளூஸில் கை கறாராக இருக்கிறது.

புது_ஊசி
அறுபதுகளின் மோனோ தட்டு ஒண்ணு கைக்கு வந்திருக்கு, இரைச்சல் ஜாஸ்தி. என்ன செய்யலாம்?

எல்பி_பெட்டி
முதல்ல கழுவுங்க. அப்புறம் ஆம்ப்ளிஃபயர்ல மோனோ பட்டன். ஸ்டீரியோ ஊசி மேல்-கீழ் அசைவையும் படிக்கும். மோனோ தட்டுல அந்த அசைவு முழுக்க தூசியும் கீறலும்தான். ரெண்டு சேனலையும் சேர்த்தா அது அடிபட்டுப் போகும். பட்டன் இல்லைன்னா ரெண்டு சேனலையும் ஒண்ணா இணைக்கிற ஒய் கேபிள் போதும். அதுக்கப்புறமும் இரைஞ்சா, முன்னாடி வச்சிருந்தவங்க 18 மைக்ரான் ஊசியால பள்ளத்தோட அடியைத் தேய்ச்சிருக்கலாம். 25 மைக்ரான் கோன் ஊசி கொஞ்சம் மேலே உட்காரும், அங்கே தேயாத சுவர் கிடைக்கும். ஊசி தட்டை அழுத்துற பாரத்தை, கார்ட்ரிட்ஜோட (ஊசி மாட்டியிருக்கிற பாகம்) வந்த தாள்ல போட்டிருக்கிற அளவுக்குக் கீழே இறக்காதீங்க. ஊசி துள்ளினா தட்டு இன்னும் கெடும்.