அவுரியும் இல்லை, நெல்லியும் இல்லை

சத்துவாச்சாரியிலிருந்து:

அப்பாவுக்கு 68 வயது. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அமெரிக்காவில் இருக்கும் தம்பி போன மாதம் தொலைபேசியில், "அக்கா, அப்பாவுக்குத் தினமும் ஒரு கிண்ணம் புளூபெர்ரி கொடு, சர்க்கரை தானாக இறங்கும்" என்றான். வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் அந்த நீல நிற வெளிநாட்டுப் பழத்தைக் கேட்டால் சிரித்தார்கள். கடைசியில் குளிரூட்டிய கடை ஒன்றில் கிடைத்தது. 125 கிராம் பெட்டி 320 ரூபாய். பழத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல இருக்கவே, பூஞ்சை பிடித்துவிட்டது என்று குழாயடியில் உட்கார்ந்து தேய்த்து எடுத்தேன். திராட்சை மேல் படிந்திருக்குமே, அதே இயற்கை மெழுகுதான் அது. பழத்தை வாடாமல் காப்பதே அதுதான் என்று பிறகு தெரிந்தது.

அப்பா ஒன்றைப் பாதி கடித்து, மீதியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே நீலமே இல்லை, பிஞ்சு வெள்ளரி போல வெளிறிய பச்சை. "தோலுக்கா இந்த விலை?" என்றார். கிண்டல்தான், ஆனால் தவறில்லை. இந்தப் பழத்துக்குப் பெயர் வாங்கித் தந்த ஆந்தோசயனின் என்ற நிறமி பெரும்பாலும் தோலில்தான் இருக்கிறது.

தம்பி அனுப்பிய 2019ஆம் ஆண்டு ஆய்வை இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். வளர்சிதை மாற்றக் கோளாறு (தொப்பை, இரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவை சேர்ந்து கூடும் நிலை) உள்ள 115 பேர், வயது 50 முதல் 75 வரை, ஆறு மாதம். நாளுக்கு 150 கிராம் பழத்துக்கு ஈடான பொடியைச் சாப்பிட்டவர்களுக்கு இரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கும் திறன் கூடியிருக்கிறது. 75 கிராம் அளவுக்கு அந்தப் பலன் இல்லை. தம்பி சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு: இன்சுலின் சரியாக வேலை செய்யாத குறை அசையவே இல்லை. புளூபெர்ரி விவசாயிகள் அமைப்பின் பணமும் அந்த ஆய்வுக்குப் போயிருக்கிறது. அதனாலேயே ஆய்வு பொய்யாகிவிடாது, ஆனாலும் தெரிந்துகொண்டு படிக்க வேண்டும்.

அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், சும்மா இருப்பாரா? நாள்காட்டித் தாளின் பின்பக்கம் பெருக்கினார். 150 கிராமுக்கு 384 ரூபாய், மாதம் 11,520. தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு மோர் கேட்டார்.

குடியாத்தத்திலிருந்து:

உங்களுக்காவது பழம் கிடைத்தது அக்கா. நான் வாங்கியது பாட்டில். படத்தில் கொத்துக் கொத்தாக நீலப் பழங்கள், பெயர் 'அவுரிநெல்லிச் சாறு'. புளூபெர்ரிக்குத் தமிழில் வைத்த பெயராம் அது. அவுரி சாயச் செடி, நெல்லி நம் ஊர் நெல்லி, இரண்டுக்கும் இந்தப் பழத்துக்கும் எந்த உறவும் கிடையாது. அதை விடுங்கள். பூதக்கண்ணாடி வைத்து லேபிளைப் படித்தால் தண்ணீர், ஆப்பிள் சாறு, சர்க்கரை, அதற்குப் பின்னால்தான் புளூபெர்ரி. நூற்றெண்பது ரூபாய்க்குச் சர்க்கரைத் தண்ணீர் வாங்கி, சர்க்கரை நோயாளியான என் மாமியாருக்கு ஒரு வாரம் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்!

2013இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில், வாரம் மூன்று வேளை புளூபெர்ரியை முழுப் பழமாகச் சாப்பிட்டவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு 26 சதவீதம் குறைவாக இருந்தது. திராட்சை, ஆப்பிள் சாப்பிட்டவர்களுக்கும் அந்த வாய்ப்பு குறைவுதான். பழச்சாறு குடித்தவர்களுக்கோ கூடியிருந்தது. இது நோய் வராதவர்களைப் பல ஆண்டுகள் கவனித்துச் சொன்னது, வந்த நோயை இறக்கும் என்று அதில் எங்கும் இல்லை.

காட்பாடியிலிருந்து:

சிறு குழந்தை இருக்கும் வீடுகளுக்கு ஒரு சொல். ஊரிலிருந்து வந்த உறவினர் கொடுத்த புளூபெர்ரிப் பெட்டியை என் மூன்று வயது மகள் ஒரே மூச்சில் காலி செய்தாள். மறுநாள் காலை மலம் கறுப்பு. இரத்தம் என்று பயந்து தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "நேற்று என்ன சாப்பிட்டாள்?" பழத்தின் நிறம்தான், மறுநாள் சரியாகிவிட்டது. இப்படி நிறமுள்ள எதையும் சாப்பிடாமலே கறுப்பாகப் போனால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து:

நாவல்பழத்திலும் ஆந்தோசயனின்தான், சாட்சிக்கு நாக்கை நீட்டினால் போதும். ஆனி, ஆடியில் எங்கள் பஸ் நிலையத்தின் வெளியே கூடையோடு உட்காரும் அம்மாவிடம் இருபது ரூபாய்க்கு ஒரு காகிதப் பொட்டலம், மேலே ஒரு சிட்டிகை உப்பு. புளூபெர்ரியில் செய்த அளவுக்கு இதில் மனிதர்களை வைத்து ஆய்வு செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டு நாவல்கொட்டைப் பொடியை நம்பினார். சர்க்கரை 400ஐத் தாண்டி மூன்று நாள் மருத்துவமனையில் படுத்திருந்தார்.

சத்துவாச்சாரியிலிருந்து:

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "ஆனிக்கு இன்னும் எத்தனை நாள்?" என்று அதே நாள்காட்டியைப் புரட்டுகிறார். மீந்த நான்கு புளூபெர்ரி குளிர்சாதனப் பெட்டியில் சுருங்கிக் கிடக்கின்றன. தேய்த்துக் கழுவியதன் பலன்.