மறுமொழி: ‘டைம்டு டிரில்’ என்பதற்குத் தமிழ் – சுடுவரிசை?

அனைவருக்கும் வணக்கம்.

ரைபிள் பயிற்சிக் கையேட்டுக்காக, கடிகாரம் வைத்து அளந்து சுடும் ‘டைம்டு டிரில்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டுத் தம்பி தொடங்கிய பேச்சு, ‘துப்பாக்கி’ தமிழ்ச்சொல்தானா என்ற இடத்தில் போய் நின்றுவிட்டது. அது வெளியிலிருந்து வந்த சொல்தான். வந்து வேரும் விட்டாயிற்று. துப்பாக்கியைத் ‘துமுக்கி’, ரைபிளைப் ‘புரிதுமுக்கி’ என்று எழுத விரும்புவோர் எழுதட்டும். கையேட்டைப் படிக்கப்போகிறவர் ரைபிள் என்றுதான் சொல்வார். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். கேட்ட கேள்விக்கு வருவோம்.

> ‘நேரக்கட்டுப்பாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் பயிற்சி’ என்று போட்டால் எல்லோருக்கும் புரியும். புதுச்சொல் எதற்கு?

புரியும்தான் ஐயா. ஒரே பக்கத்தில் பத்து இடத்தில் வரவேண்டிய சொல் இவ்வளவு நீளமாக இருக்கிறதே என்பதைக்கூட விட்டுவிடலாம். பொருள் சரியாக விழவில்லை என்பதுதான் என் குறை. 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். தகுதிச் சுற்றில் 60 குண்டு, மின்னணு இலக்கு என்றால் 75 நிமிடம். அதிலும் நேரக்கட்டுப்பாடு உண்டு. ஆனால் குண்டுக்குச் சராசரியாக ஒன்றேகால் நிமிடம் கிடைக்கிறது. ரைபிளை உயர்த்தி, மனம் ஒப்பவில்லை என்றால் இறக்கி, மூச்சு வாங்கி மறுபடி உயர்த்தலாம். அங்கே கடிகாரம் ஆட்டத்தை முடித்துவைக்கத்தான் இருக்கிறது. சுடுபவரை அது அளப்பதில்லை.

தம்பி கேட்பது வேறு. முதல் உலகப் போருக்கு முன் பிரிட்டிஷ் படையில் ‘பைத்தியக்கார நிமிடம்’ என்று பின்னாளில் பெயர்பெற்ற ஒரு சோதனை இருந்தது. 1909ஆம் ஆண்டு விதிகளில் 22ஆம் பயிற்சி. 300 கெஜத் தூரத்தில் இலக்கு. படுத்த நிலை. ஒரு நிமிடத்தில் 15 குண்டு. கையில் இருப்பதோ ஒவ்வொரு குண்டுக்கும் பின்தாழை இழுத்துத் தள்ளவேண்டிய லீ-என்ஃபீல்டு ரைபிள். தொடங்கும்போது அதில் சில குண்டுகள்தான் இருக்கும். மிச்சத்தை ஐந்து ஐந்தாகப் பையிலிருந்து எடுத்து அந்த நிமிடத்துக்குள்ளேயே நிரப்பியாகவேண்டும். இங்கே ஒரு நிமிடம் என்பது விதிக்காகப் போட்ட எல்லை அல்ல. நிரப்பும் கை, தாழை இழுக்கும் கை, மறுபடி குறிக்குத் திரும்பும் கண், இந்த மூன்றும் சேர்ந்து எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கின்றன என்பதை அந்த நிமிடம் காட்டிக்கொடுத்துவிடும். நிதானமாகச் சுட்டால் பதினைந்தும் இலக்கில் விழும் ஆள், இதில் தடுமாறலாம்.

ஆக நமக்கு வேண்டியது, நேரமும் அளவுகோலின் ஒரு பாதி என்று காட்டுகிற சொல்.

அடுத்தது ‘டிரில்’. இதைப் ‘பயிற்சி’ என்று போடுவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. நாள் முழுக்கத் தோட்டாவைச் செலவழித்தாலும் பயிற்சிதான், வெறும் ரைபிளைத் தூக்கித் தூக்கி இறக்கினாலும் பயிற்சிதான். டிரில் அப்படியல்ல. தூரம், இலக்கின் அளவு, எத்தனை குண்டு, எந்த நிலையில் தொடங்குவது, எவ்வளவு நேரம் எல்லாமே முன்கூட்டி முடிவானவை. ஒன்றை மாற்றினாலும் நேற்றைய எண்ணை இன்றைய எண்ணோடு ஒப்பிட முடியாது. மாறாமல் திரும்பத் திரும்பச் செய்யும் அமைப்பு என்பதுதான் அதன் உயிர்.

> காவல்துறையில் ‘கவாத்து’ என்று நல்ல சொல் இருக்கிறதே. அதையே எடுத்தால் என்ன?

எடுக்கலாம், ஆனால் அதைக் கேட்டதும் அணிவகுப்பு மைதானம்தான் கண்ணில் வரும். துப்பாக்கிக் கவாத்து என்றால் தோளில் வைப்பது, இறக்குவது, மரியாதை செலுத்துவது. ஒரு குண்டும் வெடிக்காது. போதாததற்குத் தேயிலைச் செடியை வெட்டிவிடுவதும் கவாத்துதான்.

நான் ‘வரிசை’யை முன்வைக்கிறேன். குத்துவரிசை, பிடிவரிசை என்று சண்டைக்கலையில் ஏற்கெனவே இருப்பதுதான். அடியும் தடையும் இந்த ஒழுங்கில்தான் வரவேண்டும் என்று கட்டிவைத்து, உடம்பு மறக்காத அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்வது. கர்நாடக இசையில் சரளிவரிசை இன்னும் நெருங்கி வருகிறது. அதே ஸ்வரங்கள், முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வேகம் மட்டும் ஏறும். முதல் காலத்தில் சுத்தமாக வராததை இரண்டாம் காலத்தில் பாடச் சொல்லமாட்டார்கள். ரைபிளைச் சொல்லிக்கொடுப்பவரும் இதையேதான் செய்கிறார். எனவே ‘சுடுவரிசை’.

> சுடுவரிசை என்றால் சுடுபவர்கள் வரிசையாக நிற்பது என்று நினைப்பார்களே அண்ணா. மரணதண்டனை நிறைவேற்றும் கூட்டம் மாதிரியும் ஒலிக்கிறது.

ஒலிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் குத்துவரிசை என்றதும் குத்து வாங்க ஆட்கள் வரிசையில் நிற்பதாக யாரும் நினைப்பதில்லை. பழக்கம் வந்தால் சரியாகிவிடும். ஆட்கள் நிற்கும் இடத்துக்குச் ‘சுடுகோடு’ என்று தனியாக வைத்துவிட்டால் குழப்பம் பாதி போய்விடும். மாற்றாக ‘அடவு’ என்பதையும் யோசித்துப் பார்த்தேன். சிலம்பத்திலும் ஆட்டத்திலும் இருக்கிற அழகான சொல். ஆனால் ‘சூட்டடவு’ என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். அதோடு அடவு உடம்பின் அசைவோடு நின்றுவிடுகிறது; இலக்கில் என்ன விழுந்தது என்ற கணக்கு அதற்குள் வராது.

இனி நேரம். இங்கேதான் சொல் ஒன்றல்ல, இரண்டு வேண்டியிருக்கிறது. இதுவரை யாரும் பிரித்துப் பேசவில்லை.

முதல் வகையில் நேரம் முன்பே தரப்படுகிறது. பைத்தியக்கார நிமிடம் அப்படிப்பட்டது: இதோ ஒரு நிமிடம், எத்தனை பட்டது சொல். இரண்டாம் வகையில் குண்டின் எண்ணிக்கைதான் முன்பே தரப்படுகிறது, நேரம் அளக்கப்படுகிறது: இதோ ஆறு குண்டு, எவ்வளவு நேரம் எடுத்தாய் சொல். முதலாவதுக்குக் ‘கெடுநேரம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கெடு வைப்பது என்ற பொருளில் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் சுடப்போகிறவரிடம் போய் ‘உங்கள் கெடுநேரம் எட்டு நொடி’ என்றால் அவர் பஞ்சாங்கத்தைத் தேடிப்போவார். ‘வரைநேரம்’ என்று வைப்போம். இரண்டாவதுக்கு ‘எடுநேரம்’. எடுத்துக்கொண்ட நேரம், அவ்வளவுதான். வரைநேரச் சுடுவரிசை, எடுநேரச் சுடுவரிசை. வாயிலும் நிற்கிறது.

> டைமருக்குச் ‘சூட்டுமானி’ பொருத்தமாக இருக்கும்.

காய்ச்சல் பார்க்கும் கருவிபோல இருக்கிறதே! சூடு என்றால் முதலில் வெப்பம்தான் நினைவுக்கு வருகிறது. டைமர் டைமராகவே இருக்கட்டும். ஆனால் அது காட்டும் எண்களுக்குப் பெயர் வேண்டும், ஏனென்றால் அளவையின் சாரமே அங்கேதான் இருக்கிறது. டைமர் உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. பொத்தானை அழுத்தியதும் உடனே ஒலிக்காது. ஒன்றிரண்டு நொடி, சிலசமயம் கூடுதலாக, முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி தாமதித்துப் பீப் அடிக்கும். அந்த நொடியிலிருந்து ஒவ்வொரு வெடிச்சத்தத்தையும் ஒலிவாங்கி வழியாகக் கேட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளும்.

ஒருவர் ரைபிளைத் தாழ்வாகப் பிடித்து நிற்கிறார் என்று வையுங்கள். பீப் கேட்டதும் பின்கட்டை தோளில் அமர்கிறது, கன்னம் கட்டையில் படிகிறது, பாதுகாப்புத் தாழ் விலகுகிறது, குறி கண்ணுக்குள் வந்து விழுகிறது, விரல் விசையின் தளர்வை எடுக்கிறது, வெடிக்கிறது. பிறகு மூன்று குண்டு. பெட்டியில் 1.42, 1.80, 2.15, 2.86 என்று நான்கு எண்கள். முதலாவது ‘முதற்சூட்டு நேரம்’. மற்றவற்றை ஒன்றிலிருந்து ஒன்று கழித்தால் 0.38, 0.35, 0.71. இவற்றுக்கு ‘இடைநேரம்’ போதும். இப்போது அந்த 0.71ஐப் பாருங்கள். முதல் இரண்டு இடைநேரமும் ஏறத்தாழ ஒன்றே, மூன்றாவது இரட்டிப்பு. மூன்றாம் குண்டின் உதைப்பில் குறி கண்ணைவிட்டுப் போயிருக்கலாம். விசை முழுதாகத் திரும்பும்முன் விரல் மறுபடி அழுத்தியிருக்கலாம். மொத்தம் 2.86 நொடி என்று மட்டும் எழுதிவைத்தால் இது தெரியவே தெரியாது. ஆகவே ‘இடைநேரம்’ என்ற சொல்லைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே கொண்டுவாருங்கள் தம்பி.

வேகத்தையும் துல்லியத்தையும் ஒரே எண்ணாக்கும் அளவுக்கு ‘ஹிட் ஃபாக்டர்’ என்கிறார்கள். இதற்கு ‘வெற்றிக் காரணி’ என்று வந்த முன்மொழிவை வன்மையாக எதிர்க்கிறேன். ‘ஹிட்’ என்றால் இங்கே இலக்கில் படுவது, வெற்றி இல்லை; ‘ஃபாக்டர்’ இங்கே காரணியும் இல்லை. 1976இல் தொடங்கிய ஐபிஎஸ்சி என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பின் நடைமுறைத் துப்பாக்கிச் சுடலில் இது புழங்குகிறது. வாங்கிய புள்ளியை எடுத்த நொடியால் வகுப்பது, அவ்வளவுதான். நேராகவே ‘நொடிப்புள்ளி’ எனலாம்.

கணக்கு எப்படி விளையாடுகிறது என்று பாருங்கள். 12 குண்டு, நடுப்பகுதியில் பட்டால் 5 புள்ளி, அதற்கடுத்த பகுதியில் சிறு ஆற்றல் தோட்டாவுக்கு 3. ஒருவர் எல்லாவற்றையும் நடுவில் போட்டு 10 நொடி எடுக்கிறார்: 60 புள்ளி, நொடிப்புள்ளி 6.00. இன்னொருவர் எட்டை நடுவிலும் நான்கை வெளியிலும் போட்டு 8 நொடியில் முடிக்கிறார்: 52 புள்ளி, நொடிப்புள்ளி 6.50. இரண்டாமவர் முந்திவிட்டார். மூன்றாமவரும் 8 நொடிதான், பதினொன்று நடுவில், ஒன்று இலக்கிலேயே படவில்லை. படாததற்கு 10 குறைப்பார்கள். 55 போய் 45 ஆகி, 5.63இல் கடைசிக்குப் போகிறார். கொஞ்சம் விலகுவதை இந்த முறை மன்னிக்கிறது, தப்புவதை மன்னிப்பதில்லை. ‘நொடிப்புள்ளி’ என்று சொன்னாலே வகுத்தல் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால்தான் அந்தச் சொல்லை விடாப்பிடியாகக் கேட்கிறேன்.

பனிச்சறுக்கும் ரைபிளும் சேர்ந்த பயத்லான் வேறு வழியில் போகிறது. அங்கே பிழையையே நேரமாக மாற்றிவிடுகிறார்கள். தனிநபர் ஓட்டத்தின் வழக்கமான முறையில் ஒரு குறி தப்பினால் ஒரு நிமிடம் கூடும். விரைவோட்டத்தில் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. இதற்குத் ‘தப்புநேரம்’ என்று வைக்கலாமா? கையேட்டில் இது வராது என்றால் விட்டுவிடலாம்.

அங்கிருந்தே இன்னொன்று. பயத்லானில் தூரம் 50 மீட்டர். படுத்துச் சுடும்போது 45 மில்லிமீட்டர் வட்டம், நின்று சுடும்போது 115. தூரம் மாறும்போது இப்படிப்பட்ட அளவுகளை ஒப்பிடக் கோண அளவு வேண்டும். பாகையில் அறுபதில் ஒரு பங்குக்குக் ‘கோண நிமிடம்’ என்று எழுதியிருக்கிறார்கள். நேரத்தை அளக்கும் நூலில் இன்னொரு நிமிடத்தைக் கொண்டுவந்து குழப்பாதீர்கள். பாகை, கலை, விகலை என்று நம் பழைய கணக்கில் இருக்கிறதே. ஒரு கலை என்பது 100 மீட்டரில் ஏறத்தாழ 29 மில்லிமீட்டர். அப்படிப் பார்த்தால் படுத்த நிலை வட்டம் 3 கலை, நின்ற நிலை வட்டம் 8 கலை. ‘இந்த ரைபிள் குண்டுகளை இரண்டு கலைக்குள் கூட்டிப் போடும்’ என்று சொன்னால் எவ்வளவு கச்சிதம்.

சொல் ஒருபுறம் இருக்க, கையேட்டின் உள்ளடக்கம் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தம்பி அனுப்பிய வரைவில் ‘சுடுவரிசையைப் பலமுறை செய்து சிறந்த எண்ணைப் பதிவுசெய்க’ என்று இருக்கிறது. அப்படிப் பதிந்தால் அது ஆளை அளக்காது, அதிர்ஷ்டத்தை அளக்கும். அன்றைய முதல் சுற்று, கை சூடாவதற்கு முன் சுட்டது, அதைத்தான் எழுதவேண்டும். அதற்கு ‘அளவைச் சுற்று’ என்று பெயர் கொடுங்கள். மற்றவை பழகுசுற்று. பழகும்போது எல்லாம் குறிக்குள் விழுந்தால் வரைநேரத்தைச் சிறிது குறைப்பது, சிதற ஆரம்பித்தால் மறுபடி தளர்த்துவது. ஒருபோதும் தப்பாதவர் தேவைக்கு மேல் மெதுவாகச் சுடுகிறார் என்று கொள்ளலாம். தப்பிக்கொண்டே இருப்பவர் தப்புவதைப் பழகிக்கொண்டிருக்கிறார்.

தோட்டா இல்லாமல் செய்வதற்கு ‘வெற்றுச்சூடு’ என்று வந்ததை ஏற்கிறேன். அங்கே வெடிச்சத்தம் கிடையாது, பெரும்பாலான டைமர்களுக்குக் கேட்க ஒன்றும் இருக்காது. எனவே வரைநேரச் சுடுவரிசைகள் மட்டுமே அதற்குப் பொருந்தும். பீப் இரண்டு முறை ஒலிக்கும்படி வைத்து, இரண்டாவதற்குள் விசை விழவேண்டும். ஆனால் சொல்லில் ‘வெற்று’ இருக்கிறது என்று ரைபிளின் குண்டறையைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது. குண்டறையைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்த பிறகே தொடங்கவேண்டும் என்ற வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்கு ரைபிளைத் திருப்பும் நேரம் மட்டும் இன்னும் மிச்சம். ‘குறிமாற்ற நேரம்’ என்பது என் யோசனை, ஆனால் குழல் நுனியில் பழுதான குறிமுள்ளைக் கழற்றி மாட்டுவதையும் அப்படித்தானே சொல்வோம்? ‘குறித்தாவல்’ என்றால் சரியாக இருக்குமா, ஐயா என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்.