ரேடியோ 1: அறிவிப்பாளரை மாற்றினால் நேயரின் வயது குறையுமா?

குரோய்டன்_குமரன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பிபிசி ரேடியோ 1-ஐ ரொம்ப நாளாகக் கேட்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால் கேட்கிறேன். நான் பிரிட்டனுக்குப் படிக்க வந்த காலத்தில் காலை நிகழ்ச்சி என்றால் கிறிஸ் மொய்ல்ஸ்தான். வாய் நீளம், பாட்டுக்கு நடுவே பேசுவதைவிட பேச்சுக்கு நடுவே பாட்டுப் போடுகிற ஆள், பலருக்கு அவரைப் பிடிக்காது. ஆனால் இங்குள்ளவர்கள் ஒருவரையொருவர் எப்படி ஓட்டுகிறார்கள், எங்கே நிறுத்துகிறார்கள் என்பதெல்லாம் அவரைக் கேட்டுத்தான் எனக்குப் பிடிபட்டது. 2012 செப்டம்பரில் அவரை எடுத்துவிட்டு நிக் கிரிம்ஷாவைக் கொண்டுவந்தார்கள். அப்போது மொய்ல்ஸுக்கு 38, கிரிம்ஷாவுக்கு 28. காரணத்தையும் மறைக்கவில்லை. இது 15 முதல் 29 வயது வரை உள்ளவர்களுக்கான நிலையம், கேட்பவர்களின் சராசரி வயதோ முப்பதைத் தாண்டிவிட்டது, அதனால் மாற்றுகிறோம் என்றார்கள்.

அப்புறம் 2018-இல் காலை நிகழ்ச்சி கிரெக் ஜேம்ஸிடம் போனது. 2021-இல் ஆனி மேக்கும் கிரிம்ஷாவும் நிலையத்தைவிட்டே போனார்கள், 2022-இல் ஸ்காட் மில்ஸ். ஒவ்வொரு முறையும் புது முகம், புது ரத்தம் என்று அறிவிப்பு வருகிறது. என் அக்கா மகளுக்குப் பதினாறு வயது, இவர்கள் தேடுகிற நேயர் அவள்தான். வானொலியைத் தானாகப் போட்டு அவளை நான் பார்த்ததே இல்லை, எல்லாம் போனில்தான். அப்படியென்றால் இந்த மாற்றமெல்லாம் யாருக்காக? மொய்ல்ஸோடு போனவர்கள் போய்விட்டார்கள், அந்த இடத்துக்குச் சின்னவர்கள் வந்தார்களா, இல்லை நிலையம்தான் சின்னதானதா?

பழைய_அலைவரிசை எழுதியது:

குமரன், இந்தக் கதை மொய்ல்ஸோடு தொடங்கியதில்லை. 1993-ஐப் பார்க்காமல் 2012 புரியாது.

ரேடியோ 1 தொடங்கியது 1967 செப்டம்பர் 30. கடலில் கப்பலை நிறுத்தி பாப் பாட்டு ஒலிபரப்பிய கள்ள நிலையங்களை அந்த ஆண்டு ஆகஸ்டில் சட்டம் போட்டு முடக்கினார்கள், அங்கே கேட்டுக்கொண்டிருந்த இளைஞர்களுக்காக பிபிசி தானே ஒரு நிலையம் திறந்தது. முதல் காலை நிகழ்ச்சியைச் செய்த டோனி பிளாக்பர்னுக்கு 24 வயது, அவரே கப்பல் நிலையத்திலிருந்து வந்தவர். அன்று பேசியவர்களும் கேட்டவர்களும் ஏறக்குறைய ஒரே தலைமுறை. சிக்கல் என்னவென்றால், அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் அந்த இரு தரப்பும் சேர்ந்தே வயதாகிவிட்டன. நாற்பதைத் தாண்டிய அறிவிப்பாளர், அவரோடு வளர்ந்த நாற்பது வயது நேயர், எழுபதுகளின் பாட்டு. பெயருக்குத்தான் இளைஞர் நிலையம்.

1993-இல் மேத்யூ பானிஸ்டர் நிலையத்தின் தலைமைப் பொறுப்புக்கு வரப்போகிறார் என்று தெரிந்ததுமே உள்ளே கலக்கம். அந்த ஆகஸ்டில் டேவ் லீ டிராவிஸ் என்கிற பழைய அறிவிப்பாளர் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியின் நடுவிலேயே, இங்கே நடக்கும் மாற்றங்களை என்னால் ஏற்க முடியாது என்று நேரலையில் சொல்லி விலகினார். (2014-இல் அவர் ஒரு பாலியல் குற்ற வழக்கில் தண்டனை பெற்றார், அந்தக் காலத்தைப் பொற்காலமாகப் பேசுபவர்கள் அதையும் சேர்த்துப் பேச வேண்டும்.) சைமன் பேட்ஸ் போனார், கேரி டேவிஸ் போனார், இன்னும் பலர். பானிஸ்டர் ஆட்களை மட்டும் மாற்றவில்லை, பாட்டுப் பட்டியலையே மாற்றினார். ஸ்டேட்டஸ் க்வோ என்கிற பழைய ராக் குழு, எங்கள் புதுப் பாட்டை ஏன் போடவில்லை என்று 1996-இல் பிபிசி மீது வழக்கே போட்டுத் தோற்றது. அந்த அளவுக்குக் கறாராக இருந்தார்.

விலையும் பெரியது. சில ஆண்டுகளிலேயே பல மில்லியன் நேயர்கள் போய்விட்டார்கள், நிலையத்தைத் தனியாருக்கு விற்றுவிடுங்கள் என்றுகூடப் பேச்சு எழுந்தது. 1995-இல் கிறிஸ் எவன்ஸ் காலை நிகழ்ச்சிக்கு வந்த பிறகுதான் மூச்சு வந்தது. ஆனால் ஒன்று, அதே சமயம் ஓயாசிஸ், பிளர் மாதிரி குழுக்கள் நாட்டையே ஆட்டிக்கொண்டிருந்தன. ஆளை மாற்றியதால் இளைஞர்கள் வந்தார்களா, அவர்களுடைய பாட்டு அங்கே ஒலித்ததால் வந்தார்களா? என்னைக் கேட்டால் பாட்டுதான்.

ஈஸ்ட்ஹாம்_தர்ஷினி எழுதியது:

குமரன் அண்ணா, உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் பிபிசி பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும். இது விளம்பரத்தில் ஓடும் நிலையம் இல்லை, வீட்டுக்கு வீடு மக்கள் செலுத்தும் டிவி லைசென்ஸ் பணத்தில் ஓடுவது. முப்பத்தைந்து வயதுக்காரரை ரேடியோ 1 பிடித்து வைத்துக்கொண்டால் கேபிடல், ஹார்ட் போன்ற தனியார் நிலையங்கள் சும்மா இருக்காது, எங்கள் விளம்பர நேயரை மக்கள் பணத்தில் பறிக்கிறார்கள் என்று சொல்வார்கள். இளைஞர்களுக்கு வேறு யாரும் செய்யாததைச் செய்கிறோம் என்று காட்டினால்தான் இந்த நிலையம் இருப்பதற்கே நியாயம். நியூஸ்பீட் என்று 1973-இலிருந்து ஒரு செய்தி நிகழ்ச்சி ஓடுகிறதே, வேறு எங்கும் செய்தி கேட்காத பிள்ளைகளுக்கு வாடகை, வேலை, போதைப்பொருள் பற்றி அவர்கள் மொழியில் சொல்வது அதுதான். நாற்பது வயது ஆட்களுக்காக அதை நடத்த வேண்டியதில்லை.

அப்புறம் இந்தச் சராசரி வயதையும் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். கணக்கெடுப்பது ராஜார் என்கிற அமைப்பு, பிபிசியும் தனியார் நிலையங்களும் சேர்ந்து நடத்துவது. காலங்காலமாக அவர்கள் செய்தது என்னவென்றால், தேர்ந்தெடுத்த ஆட்களிடம் ஒரு வாரத்துக்கு ஒரு நாட்குறிப்பைக் கொடுத்துவிடுவார்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டம். எந்த நிலையம் கேட்டாய், வீட்டிலா, காரிலா, வேலையிலா என்று குறிக்க வேண்டும். ஐந்து நிமிடம் கேட்டாலே நீ அந்த நிலையத்தின் நேயர். வெளியே பேசப்படும் எண்ணிக்கை 15 வயதுக்கு மேற்பட்டவர்களுடையது. இப்போது காலையில் பள்ளிக்குப் போகும் ஒரு காரை நினைத்துப் பாருங்கள். பின்சீட்டில் பதின்மூன்று வயதுப் பெண் ரேடியோ 1 போடச் சொல்கிறாள், அம்மா போடுகிறாள். அந்தக் கணக்கில் அம்மாவின் நாற்பத்திரண்டு வயது ஏறுகிறது, கேட்டு வாங்கிய பிள்ளை அதில் இல்லவே இல்லை. நிலையம் சரியாக வேலை செய்யும் வீட்டிலேயே சராசரி வயது கூடுகிறது!

நள்ளிரவு_நேயர் எழுதியது:

தர்ஷினி சொல்வது சரி, லைசென்ஸ் பணத்துக்குக் கணக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அறிவிப்பாளரின் வயதுதான் நேயரின் வயது என்கிற நினைப்பை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்கு ரேடியோ 1-இன் சொந்தச் சரித்திரமே சாட்சி.

ஜான் பீல். 1967-இல் தொடங்கிய அணியில் இருந்தவர், 2004 அக்டோபரில் பெரு நாட்டுக்குப் போன இடத்தில் 65 வயதில் இறக்கும்வரை ரேடியோ 1-இல்தான் இருந்தார். அவர் கூடப் பிறந்த தலைமுறை எப்போதோ பிபிசியின் பெரியவர்களுக்கான நிலையமான ரேடியோ 2-க்குப் போய்விட்டது, அவருக்கு வந்து குவிந்த கேசட்டுகளை அனுப்பியதெல்லாம் பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள். பங்க் என்கிற முரட்டு ராக் இசை வந்தபோது அவருக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது, ஆனாலும் பிபிசியில் அந்தப் பாட்டுகளுக்கு வீடு கொடுத்தவர் அவர்தான்.

ஆனி நைட்டிங்கேலை நினைத்தால் இன்னும் வியப்பாக இருக்கிறது. 1970-இல் ரேடியோ 1-இன் முதல் பெண் அறிவிப்பாளராக வந்தார், 1982-இல் ஜானிஸ் லாங் வரும்வரை அங்கே வேறு பெண்ணே கிடையாது. 2024 ஜனவரியில் 83 வயதில் காலமானபோதும் அவர் ரேடியோ 1 அறிவிப்பாளர்தான். எண்பது வயதில் நடுராத்திரியில் பிரேக்பீட், பேஸ் என்று இளைஞர்களின் நடன இசையைப் போட்டார். நான் இரவு ஷிப்டில் கேட்டிருக்கிறேன். கரகரத்த குரலில் பாட்டுக்காரன் பெயரைச் சொல்வார், பாட்டு எங்கிருந்து வந்தது என்பார், விலகிவிடுவார். எங்கள் காலத்தில் என்று ஆரம்பிக்கும் பேச்சே அங்கே இருக்காது. 1993 வந்தது, 2012 வந்தது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அவர் ஒரே கூட்டத்தோடு சேர்ந்து கிழடாகவில்லை. ஒவ்வொரு பத்தாண்டிலும் புதுக் கூட்டம் அவரைக் கண்டுபிடித்தது.

காலை நிகழ்ச்சி வேறு மாதிரி. அதில் பாட்டு குறைவு, ஆள்தான் நிகழ்ச்சி. அவர் தன் வாழ்க்கையைப் பேசுவார். இருபதுகளில் வாடகை வீடும் வெள்ளிக்கிழமை இரவும், முப்பதுகளில் கல்யாணம், முழங்கால் வலி. கேட்பவர்களுக்கும் அதே வாழ்க்கை என்பதால் ஒட்டிக்கொள்வார்கள். அந்த ஒட்டுதல்தான் அந்த நிகழ்ச்சியின் பலம், நிலையத்தின் வயதைக் கூட்டுவதும் அதேதான். அதை வெட்டினால் ரத்தம் வரத்தான் செய்யும்.

இன்னொன்று, 2018 மாற்றத்தில் வயது என்கிற காரணமே நிற்காது. கிரிம்ஷா பிறந்தது 1984 ஆகஸ்ட், கிரெக் ஜேம்ஸ் 1985 டிசம்பர். ஒன்றரை வருஷ இடைவெளிகூட இல்லை, இருவரும் நேரத்தைத்தான் மாற்றிக்கொண்டார்கள்.

குரோய்டன்_குமரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நைட்டிங்கேல் விஷயத்தை இந்தக் கோணத்தில் நான் யோசித்ததில்லை. ஆனால் போகச் சொல்பவர்களை எங்கே போகச் சொல்கிறார்கள் என்று ஒரு கேள்வி இருக்கிறது. ரேடியோ 2 என்பார்கள். அங்கேயும் இதேதான் நடக்கிறது. எவன்ஸ், ஸோயி பால், 2025 ஜனவரியில் ஸ்காட் மில்ஸ் என்று ரேடியோ 2 காலை நிகழ்ச்சிக்கு வரிசையாக ரேடியோ 1 பழைய ஆட்கள். அவர்கள் வந்து உட்கார, அங்கே இருந்த பெரியவர்கள் எழுந்து போகிறார்கள். 2023-இல் ரேடியோ 2-இன் கென் புரூஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் ரேடியோ என்கிற தனியார் நிலையத்துக்குப் போனபோது தன் பாப்மாஸ்டர் வினாடி வினாவையும் கூடவே கொண்டுபோனார், கூட்டமும் பின்னாலேயே போனது. எங்கள் வேலையிடத்தில் அறுபது வயதுக்காரர் ஒருவர் இருக்கிறார், பத்தரை மணி ஆனால் யாரும் அவரிடம் பேசக்கூடாது, பாப்மாஸ்டர் நேரம். அவரைப் போன்றவர்களை இழந்துவிட்டு என்ன சம்பாதித்தார்கள்?

மெல்பர்ன்_மணிமாறன் எழுதியது:

ஆஸ்திரேலியாவில் இருந்து எழுதுகிறேன், இங்கே இதற்கு வேறொரு வழி பார்த்தார்கள். ஏபிசி என்கிற இங்குள்ள பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் இளைஞர் நிலையம் டிரிபிள் ஜே, 1975-இல் சிட்னியில் டபுள் ஜே என்று பிறந்தது. இலக்கு 18 முதல் 24. இங்கேயும் ரத்தக்களரி உண்டு, 1990-இல் பழைய அறிவிப்பாளர்கள் பலரை ஒரேயடியாக நீக்கியபோது நேயர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆனால் 2014-இல் டிஜிட்டலில் அதே டபுள் ஜே என்ற பழைய பெயரில், முப்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு நிலையம் திறந்தார்கள். மிஃப் வார்ஹர்ஸ்ட், ஸான் ரோவ் எல்லாம் டிரிபிள் ஜேயிலிருந்து அங்கே போனவர்கள். குரல் அதே, ரசனை அதே, நம் வயதுக்கு ஏற்ற பேச்சு. எனக்கு இதுதான் மரியாதையாகப் படுகிறது. கிளம்பு என்று சொன்னாலும் போக ஓர் இடத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்கள்.

முழுக்கச் சமாதானமும் இல்லை. 2022 தொடக்கத்தில் வயதாகிப்போன நேயர்களைச் சீண்டி டிரிபிள் ஜேயே ட்விட்டரில் ஒரு வரி போட, ஊரே திரண்டு சண்டைக்கு வந்தது. அது தேவையே இல்லாத வேலை.

ஈஸ்ட்ஹாம்_தர்ஷினி எழுதியது:

குமரன் அண்ணா, சின்னவர்கள் வந்தார்களா என்று கேட்டீர்களே, அதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். வானொலி கேட்கும் நேரம் இளைஞர்களிடம் பொதுவாகவே குறைகிறது, எந்த அறிவிப்பாளர் வந்தாலும் அதை ஒரேயடியாக நிறுத்த முடியாது. அதனால்தான் பாடகர்கள் நிலையத்துக்கே வந்து பாடும் லைவ் லவுஞ்ச் பாட்டுகளை யூடியூபில் போடுகிறார்கள். உங்கள் அக்கா மகள் அதைப் பார்த்திருப்பாள், அது ரேடியோ 1 என்று கவனித்திருக்க மாட்டாள். நாட்குறிப்பில் அது ஏறாது.

மாற்றத்தில் எனக்குப் பிடித்தது கிறிஸ்துமஸ் வாரம்தான். சில ஆண்டுகளாக அந்த நாட்களில் வழக்கமான ஆட்களுக்கு விடுமுறை கொடுத்துவிட்டு, சமூக வானொலி, மாணவர் வானொலியிலிருந்து புதியவர்களை உட்கார வைக்கிறார்கள். தடுமாறுவார்கள், பாட்டின் மேலேயே பேசிவிடுவார்கள், ஆனால் சிலர் அப்படியே நிரந்தரமாக உள்ளே வந்திருக்கிறார்கள். இந்த டிசம்பரில் கேட்டுவிட்டு, யார் தேறுவார் என்று நினைக்கிறீர்களோ அவர் பெயரை இந்த இழையிலேயே போடுங்கள்.